வீடியோ பார்த்தால் கேம் வருகிறது, தனியாக வரவில்லை

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் யூடியூப் பார்த்து ஸ்க்ராட்ச்சில் (கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் செய்யும் மென்பொருள்) நாலைந்து கேம் செய்துவிட்டான். நீயாக ஒன்று செய் என்றால் விழிக்கிறான். கட்டளைகளை எழுத்தில் எழுதும் நிரல்மொழியான பைத்தானுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். வீடியோவில் யோசிக்கிற வேலையை வேறொருவர் முடித்துவிடுகிறார். உங்கள் மகன் கட்டங்களை அடுக்குகிறான், அவ்வளவுதான். பைத்தானிலும் இதுதான் நடக்கும், எழுத்துப்பிழைத் தொல்லை வேறு.

வீடியோ இல்லாமல் ஒரே ஒரு கேம் செய்யச் சொல்லுங்கள். மேலிருந்து மாம்பழம் விழும், கீழே கூடையில் பிடிக்க வேண்டும். "பழம் கூடையைத் தொட்டால் ஸ்கோரில் 1 கூட்டு" என்று வைப்பான். ஓட்டினால் ஒரே பழத்துக்கு ஸ்கோர் 8, 10 என்று எகிறும்.

இந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடாதீர்கள். "பழம் இன்னும் மெதுவாக விழுந்தால் ஸ்கோர் கூடுமா, குறையுமா?" என்று மட்டும் கேளுங்கள். முதலில் பதில் சொல்லட்டும், அப்புறம் ஓட்டிப் பார்க்கட்டும். கூடும். ஸ்க்ராட்ச்சின் சுழற்சி, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை, நொடிக்குச் சுமார் 30 தடவை ஓடுகிறது. பழம் கூடையைக் கடக்கப் பத்துச் சுற்று ஆனால், பத்து முறையும் "தொடுகிறதா? ஆமாம்" என்று பத்து மதிப்பெண். நம் கண்ணுக்கு ஒரு தொடுதல், கம்ப்யூட்டருக்குப் பத்து. ஸ்கோர் கூடியதும் பழத்தை மேலே அனுப்பிவிட்டால் சரியாகிவிடும். இதை அவனே கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். சுழற்சியும் நிபந்தனையும் ('தொட்டால்' என்பது மாதிரி) அந்த இரண்டு நாளில்தான் மனதில் உட்காரும்.

பிறகு அவனே ஒரு விதி சேர்க்கட்டும். அழுகிய பழத்தைப் பிடித்தால் 2 குறையும் என்பது மாதிரி. 1972-இல் அடாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்னுக்குப் பயிற்சிக்காகக் கொடுத்த வேலைதான், டேபிள் டென்னிஸ் மாதிரியான 'பாங்' விளையாட்டு. மட்டையில் எந்த இடத்தில் படுகிறதோ அதற்கேற்பப் பந்தின் கோணம் மாறும்படி அவராகவே செய்தார். அதன் சுவையே அதில்தான் இருக்கிறது.

தன் கேமின் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று அவன் உங்களுக்கு விளக்கிச் சொல்லும்போது பைத்தானுக்குப் போகலாம். அங்கேயும் புது கேம் வேண்டாம், இதே மாம்பழத்தை, பைத்தானில் கேம் செய்ய உதவும் பைகேமில் எழுதட்டும். ஒவ்வொரு சுற்றிலும் திரையைத் துடைத்து மறுபடி வரைய வேண்டும்; மறந்தால் பழம் கோடு இழுத்துக்கொண்டே விழும். ஸ்க்ராட்ச் இத்தனை நாள் சத்தமில்லாமல் செய்துகொடுத்த வேலை அது என்று அப்போது அவனுக்கே தெரியும்.