ஒரே சிறு விமானத்தைப் பெற்றோல், ஹைபிரிட் (பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்தது), மின்சாரம் ஆகிய மூன்று வலுவிலும் பறக்கும்படி வடிவமைப்பது வீண் முயற்சியா?

வீண் முயற்சியல்ல. ஒன்றைத் தெரிவுசெய்து அதை மட்டும் செய்தால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவராக நீங்கள் இருக்கக்கூடும் என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

இதை உண்மையாகவே மேற்கொண்டவர்கள் உண்டு. ஸ்லொவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம், நான்கு இருக்கைகள் கொண்ட பந்தேரா விமானத்தை மூன்று வலுவமைப்புகளையும் கருத்திற் கொண்டே வரைந்தது. 2013 ஏப்ரலில் முதலிற் பறந்தது பெற்றோல் இயந்திரம் பூட்டிய வடிவம். அதே விமானத்தை மனத்திற் கொண்டு சீமென்ஸ் முதலியோருடன் சேர்ந்து உருவாக்கிய 200 கிலோவாற்று ஹைபிரிட் தொகுதி, 2016இல் தரையில் இயக்கிப் பார்க்கப்பட்டது. முழு மின்சாரத்தில் அந்நிறுவனம் சான்றிதழ் பெற்றது வேறொரு விமானத்துக்கு: இரண்டு இருக்கைகளும் 600 கிலோகிராம் உச்ச எடையும் கொண்ட வெலிஸ் எலெக்ட்ரோவுக்கு, 2020 ஜூனில். ஆக, மூன்றும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. ஆயினும் காற்றின் இழுவையைக் குறைத்து, எடையைக் குறைத்துச் செய்த உடல் மூன்றுக்கும் பயன்படும்.

இக்கேள்வி என்னைத் தொட்டதற்குக் காரணம் உண்டு. நான் இலங்கையின் மலைநாட்டில், நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். கொழும்பில் விமானப் பராமரிப்புக் கற்ற காலத்தில், கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையத்திலிருந்து எங்கள் மலைநாட்டுக் காசல்ரீ நீர்த்தேக்கம் வரை ஒரே சிறு விமானத்தை மூன்று வலுவிலும் பறக்கவிட்டால் எடைக் கணக்கு எப்படி அமையும் என்பதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். நேர்கோட்டில் சுமார் 75 கிலோமீற்றர். 600 கிலோகிராம் எடையுள்ள விமானம் மணிக்கு 165 கிலோமீற்றர் வேகத்தில், ஏறத்தாழ 30 கிலோவாற்று வலுவில் பறப்பதாகக் கொண்டேன். 2,000 மீற்றர் உயரத்துக்கு ஏறும் செலவையும், பகற்பறப்புக்குப் பொதுவாக வேண்டப்படும் 30 நிமிட இருப்பையும் (மேலும் அவ்வளவு நேரம் பறக்கப் போதுமான மிச்சச் சக்தி) சேர்த்தால் 35 கிலோவாற்று மணி அளவு தேவைப்பட்டது. பெற்றோல் இயந்திரத்தில் பெரும்பங்கு வெப்பமாக வீணாகிய பின்னரும் அதற்கு 10 கிலோகிராம் எரிபொருள் போதும். பற்றரியிலோ, பற்றரித் தொகுதியின் எடை முழுவதையும் சேர்த்தால், ஏறக்குறைய 240 கிலோகிராம் வேண்டும். இரண்டு பேரும் அவர்களுடைய பொதிகளும் இருக்கவேண்டிய இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவையும் விளக்கி முடித்தபோது, மதிப்பீட்டுக் குழுவில் இருந்த ஒருவர், "தோட்டத்திலிருந்து வந்த உங்களுக்கு விமானம் எதற்கு? கொழுந்து ஏற்றும் டிரக்டரைப் பற்றிச் செய்திருக்கலாமே" என்றார். கணக்கில் பிழை இருந்தால் அதைச் சொல்லியிருக்கலாம். கணக்கின் பக்கமே அவர் திரும்பவில்லை. லக்சபான, காசல்ரீ, மவுசாகலை என்று நாட்டுக்கு நீர்மின்சாரம் தரும் பள்ளத்தாக்குகளில் வளர்ந்த பிள்ளை மின்விமானத்தைப் பற்றிச் சிந்திப்பதில் என்ன பொருத்தமின்மையைக் கண்டார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மேலே சொன்ன 30 நிமிட இருப்பு எனக்கு வெறும் விதியும் அல்ல. 1974 டிசம்பர் 4 அன்று, கொழும்பில் தரையிறங்க வந்த டச்சு நிறுவனமொன்றின் டிசி-8 விமானம் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்கள். அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவர்கள், மலைநாட்டில் பறக்கும் விமானத்துக்கு உயரத்திலும் சக்தியிலும் மிச்சம் வைக்காமல் கணக்குப் போட மாட்டார்கள்.

பெற்றோலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். மலைநாட்டில் அதற்குப் பெரிய குறை ஒன்று உண்டு. சாதாரணப் பெற்றோல் இயந்திரம் சுற்றியுள்ள காற்றை உறிஞ்சியே எரிகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று மெலிந்திருப்பதால், அதன் வலுவில் ஐந்தில் ஒரு பங்களவு குறைந்துவிடும். பள்ளத்தாக்கில் முகில் மூடி, தரையிறங்காமல் மீண்டும் மேலேற வேண்டிய வேளையில்தான் அந்த ஐந்திலொரு பங்கு தேவைப்படும். மின்மோட்டாருக்கு எரிப்பதற்குக் காற்று வேண்டியதில்லை. விமானத்தை முன்செலுத்தும் சுழலிக்கு (புரொப்பெல்லர்) மெல்லிய காற்றால் ஓரளவு பாதிப்பு உண்டாயினும், மோட்டாரின் வலு குறையாது.

ஆகவேதான், சமவெளிக்கு ஹைபிரிட் தேவையற்ற சுமை என்று கூறுபவர்களோடு பெரும்பாலும் உடன்படும் நான், மலைநாட்டுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். 2011இல் பாரிஸ் விமானக் கண்காட்சியில் காட்டப்பட்ட டயமண்ட் நிறுவனத்தின் டிஏ36 ஈ-ஸ்டாரில், சுழலியை 70 கிலோவாற்று மின்மோட்டார் சுழற்றியது. மின்சாரத்தைத் தந்தது 30 கிலோவாற்று அளவுள்ள, வாங்கெல் எனப்படும் சுழல்வகைச் சிறிய எரிபொருள் இயந்திரம். சீரான பறப்புக்குச் சிறு இயந்திரமும், ஏற்றத்துக்கும் அவசரத்துக்கும் சிறு பற்றரியும் என்பதே அந்த அமைப்பு. நான் எடுத்த உதாரணத்துக்கு 70 கிலோகிராம் பற்றரி போதும். பெற்றோல் மின்சாரமாகி மீண்டும் சுழற்சியாகும்போது இழப்பு உண்டு, பாகங்களும் கூடும், அதை மறுக்கவில்லை. முழு மின்சாரம், விமான நிலையத்தைச் சுற்றிப் பறந்து பழகும் பயிற்சிக்கு இன்றைக்கே ஏற்றது.

எனவே வலுவமைப்பைத் தெரிவுசெய்வதற்கு முன் ஒரே உடலை வரைந்து, எந்தப் பாதையில், எந்த உயரத்தில் அது பறக்கப்போகிறது என்பதை முடிவுசெய்யுங்கள். இருப்புச் சக்தியை முதலில் ஒதுக்கிவிட்டு, மூன்றுக்கும் எடை அட்டவணை போடுங்கள். மதிப்பீட்டில் எவராவது உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டால், அந்த அட்டவணையை அவர் முன் வையுங்கள்.