மூலிகை கேள்வி-பதில்: கிளையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: கணவருக்கு மஞ்சள் காமாலை. ரத்தப் பரிசோதனையில், காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவு 6 என்று வந்திருக்கிறது. கீழாநெல்லியே போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறார் மாமியார். கொல்லையில் பச்சைத் தண்டில் ஒன்றும் சிவந்த தண்டில் ஒன்றுமாக இரண்டு மாதிரி செடி நிற்கிறது. எதைப் பறிப்பது?
– வாசகி, சங்கரன்கோவில்

ஒரு கிளையை ஒடித்து மல்லாக்கத் திருப்பிப் பிடியுங்கள் அம்மா. இலைகளுக்கு அடியில் கடுகளவு காய்கள் வரிசையாக இருக்கும். கீழ்க்காய் நெல்லி என்று பெயர் வந்ததே அதனால்தான். காய் வழுவழுவென்று, மயிரிழை போன்ற குட்டிக் காம்பில் தொங்கினால் அதுதான் கீழாநெல்லி. காம்பே தெரியாமல் தண்டோடு ஒட்டிக்கொண்டு, தொட்டால் சொரசொரவென்று இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. தண்டின் நிறத்தை நம்பாதீர்கள், காயைப் பாருங்கள். குணபாடம், அதாவது மருந்துச் சரக்குகளின் குணம் சொல்லும் பாடம், நடத்திய முப்பது வருஷமும் முதல் வகுப்பில் நான் மாணவர்கள் கையில் கொடுத்தது இந்தக் கிளையைத்தான்.

இந்தச் சின்னச் செடியை எத்தனை ஊர்க்காரர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. ஆயுர்வேதத்தில் இது 'பூமி ஆமலகி', அதாவது தரையில் வளரும் நெல்லி. நம்மைப் போலவே அவர்களும் நெல்லியின் சொந்தம் என்று கண்டிருக்கிறார்கள். பிரேசில் நாட்டில் இந்தக் குடும்பத்துச் செடியைச் சிறுநீரகக் கல்லுக்குக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். அங்கே அதன் பெயருக்கு 'கல் உடைப்பான்' என்று பொருள்.

1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த வைரஸை உடலில் சுமந்தவர்களில் 37 பேருக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் இல்லாமல் போனது. வெற்றுப்பொடி கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. நாங்களெல்லாம் அன்று கொண்டாடினோம். ஆனால் 1990இல் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் பாதியை மட்டும் சொல்லி மருந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மாமியார் சொல்வதற்கு வருகிறேன். அசுத்தத் தண்ணீரால் வரும் வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அதனால்தான் கீழாநெல்லி குடித்தவர்கள் எல்லோரும் "மூன்றே வேளையில் இறங்கிடுச்சு" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் காமாலையும் அந்தக் காமாலை இல்லை. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு விவசாயி வந்தார். வேட்டி முடிச்சில் வாடிய கீழாநெல்லிக் கட்டு. ஒரு மாதமாக அதையே அரைத்துக் குடித்திருக்கிறார். உடம்பெல்லாம் சொறிந்த தடம். மலம் எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டதற்குச் சுவரைக் காட்டினார், வெள்ளையடித்த சுவர். பித்த நாளத்தில் கல் அடைத்திருந்தது. அந்தக் கல்லை எந்தப் பச்சிலையும் நகர்த்தாது. உடனே அறுவை சிகிச்சைக்கு அனுப்பினோம், பிழைத்தார். ஆனால் அந்த ஒரு மாதத்தில் உடம்பு பாதியாகிவிட்டது.

அதனால் நாளைக்கே அவரை அழைத்துக்கொண்டு போய் வயிற்று ஸ்கேனும் ஹெபடைடிஸ் பரிசோதனைகளும் எடுத்துவிடுங்கள். மலம் வெளுத்துப் போனாலோ, குளிர்காய்ச்சல் கண்டாலோ, பேச்சு குழறினாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ நாளை வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். சாதாரண வைரஸ் காமாலைதான் என்று மருத்துவர் உறுதி சொன்ன பிறகு, கீழாநெல்லிச் சமூலத்தை, அதாவது வேரோடு முழுச் செடியை, மண் போக அலசி அரைத்து, அதில் நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலந்து காலையில் கொடுப்பது நம் வழக்கம். கொடுப்பதை அந்த மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். மஞ்சள் இறங்கும் என்று யாராவது கண்ணில் பச்சிலைச் சாறு விட வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

கேள்வி: என் மருமகள் பாலக்காட்டுப் பெண். குளத்தோரம் படரும் ஒரு பொடி இலைச் செடியைப் 'பிரம்மி' என்கிறாள். வடநாட்டிலிருந்து வந்த பிரம்மிப் பொட்டலத்தில் வல்லாரைப் படம் போட்டிருக்கிறது. எது சரி?
– வாசகர், பொள்ளாச்சி

மருமகள் சொல்வது சரி. கேரளத்தில் பிரம்மி என்றால் நம்முடைய நீர்ப்பிரமிதான்: விரல்நுனி அளவுத் தடித்த இலை, வெளிறிய ஊதாப் பூ, நாக்கில் வைத்தால் கசப்பு. வடக்கே பல சந்தைகளில் வல்லாரையைப் பிரம்மி என்று விற்கிறார்கள். அரசு வெளியிட்ட ஆயுர்வேத மருந்து நூலோ இரண்டையும் பிரித்து, வல்லாரைக்கு 'மண்டூகபர்ணி' என்று தனிப் பெயர் கொடுக்கிறது. மண்டூகம் என்றால் தவளை. இரண்டுமே புத்திக்கு என்று பேர் வாங்கியவை. ஆனால் வேறு வேறு குடும்பம், உள்ளிருக்கும் சத்தும் வேறு. நீர்ப்பிரமி வெறும் வயிற்றில் சிலருக்குக் குமட்டும். வல்லாரையோ சாப்பாட்டுக் கீரை. யாழ்ப்பாணத்தில் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விட்டுச் சம்பல் போடுவார்கள். ஒருமுறை செய்து பாருங்கள். சாக்கடையோரம் வளர்ந்ததை மட்டும் பறிக்காதீர்கள். மண்ணில் உள்ள ஈயம் போன்ற உலோகங்களை வல்லாரை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: வயது 64. இரண்டு வருஷமாகத் தினமும் இரவு நிலவாகைச் சூரணம். இல்லாவிட்டால் மலம் போவதில்லை. இயற்கை மருந்துதானே, தொடரலாமா?
– வாசகர், விருதுநகர்

வேண்டாம் ஐயா. நிலவாகை நம் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் மானாவாரிப் பயிர். உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்று நம் ஊர்ப் பேரிலேயே போகிறது. யுனானியில் இதற்கு 'சனா' என்று பெயர். இங்கிலீஷ் மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குத் தரும் சென்னா மாத்திரையும் இதே இலையின் சத்துதான். பெருங்குடலைத் தூண்டித் தள்ளுவதுதான் அதன் வேலை. ஒரு வாரத்துக்குச் சரி. வருஷக்கணக்கில் எடுத்தால் பொட்டாசியம் குறையலாம். இதயத்துக்கோ, நீர் பிரியவோ மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஆபத்து. இந்த வயதில் மலம் போகும் வழக்கம் மாறினாலே குடலை ஒருமுறை பரிசோதித்துவிட வேண்டும். மலத்தில் ரத்தமோ, எடைக் குறைவோ இருந்தால் இந்த வாரமே போங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குழந்தைக்கு வசம்பைச் சுட்டு, தேனில் உரசி நாக்கில் தடவச் சொல்கிறார் பாட்டி.
– இளம் தாய், கும்பகோணம்

தடவாதீர்கள் அம்மா. 'பிள்ளை வளர்ப்பான்' என்று பேர் பெற்றதுதான். ஆனால் நம் நாட்டு வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருள் நஞ்சு. அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்க 1968 முதலே தடை. தேனும் ஒரு வயது வரை கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். கையில் வசம்பு வளையல் கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள், வாயில் வைத்துச் சப்பும். வாங்கிய வசம்பை இடித்துத் துணியில் முடிந்து, புத்தக அலமாரியில் போட்டு வையுங்கள். பூச்சி அண்டாது.