வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்தே பழைய பொருள் விற்கலாமா?

500 வெள்ளியை வைத்து வீட்டிலிருந்தே விண்டேஜ் வியாபாரம் தொடங்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் மொத்தப் பணத்தையும் முதல் வாரமே சரக்கில் போட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரில் பழைய பொருளுக்குப் பேர்போன சுங்கை ரோடு சந்தை 2017-இலேயே மூடியாச்சு. இப்போது வீடு மாறுகிறவர்கள் கரோசல் என்ற இணைய விற்பனைத் தளத்தில் கழித்துவிடும் சாமான்தான் நல்ல சரக்கு.

நான் முதன்முதலில் வாங்கியது ஒரு எனாமல் டிஃபன் கேரியர், 35 வெள்ளி. பூ வேலைப்பாட்டில் மயங்கி அடித்தட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றினால் துரு அரித்த ஊசி ஓட்டை வழியாகச் சொட்டுகிறது! கடைசியில் 15-க்குத் தள்ளிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு அடுக்கையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. நீங்கள் விற்கும்போதும் குறையைப் படம் எடுத்தே போடுங்கள், பொருள் திரும்பி வராது.

விலை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கும் விலையை நம்பாதீர்கள், விற்றுப்போன விலையைத் தேடுங்கள். அப்புறம் சட்டம்: அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே நடத்தினால் வணிகங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டாம், கடைக்குத் தனிப்பெயர் வைத்தால் பதிய வேண்டும். ஜிஎஸ்டி பதிவு ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் கட்டாயம், சரி, அந்தக் கவலை நமக்கு எப்போது வரப்போகிறதோ!