இறகு மட்டும் உதிர்ந்தது ஏன்? வில்லோடு வான்கோழிக்குக் காத்திருப்பவருக்கு

கேள்வி: பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களாகக் காம்பவுண்ட் வில்லோடு (நுனிகளில் சக்கரம் வைத்த வில்) மான் வேட்டைக்குப் போய் வருகிறேன். போன மே மாதம் முதன்முறையாகக் காட்டு வான்கோழிக்குப் போனேன். வயல் ஓரத்தில் பாப்-அப் பிளைண்ட் (மறைந்திருக்கும் சிறு கூடாரம்) போட்டு, 20 கெஜத்தில் ஒரு பெட்டைப் பொம்மை வைத்தேன். சேவல் வந்தது, வாலை விரித்தது. பக்கவாட்டில் நின்றபோது எய்தேன். அம்பு பட்டது, ஒரு கை இறகு உதிர்ந்தது, பறவை ஓடிவிட்டது. மதியம் வரை தேடியும் கிடைக்கவில்லை. என் வில்லின் இழுவிசை 60 பவுண்ட். அதைக் கூட்ட வேண்டுமா? இன்னும் அகலமான அம்பு முனை வாங்க வேண்டுமா?

பதில்: வில்லின் இழுவிசையைக் கூட்டாதீர்கள், முடிந்தால் குறையுங்கள். 60 பவுண்ட் வில் மானையே ஊடுருவும். நன்றாக வளர்ந்த சேவல் வான்கோழி 8 முதல் 11 கிலோ இருக்கும், அதற்கு 50 பவுண்ட் தாராளம். ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்காலில் வில் இடிக்காமல், சத்தமில்லாமல் நாணை இழுத்து, பறவை திரும்பும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டிவரும். அந்த நேரத்தில் கடைசிப் பத்து பவுண்ட்தான் கையை நடுங்க வைக்கும். இறக்கினால் சைட்டை (வில்லில் குறி பார்க்கும் புள்ளிகள் உள்ள பாகம்) மறுபடி சரிபார்க்க வேண்டும், அது ஒரு மாலை வேலை.

முனையைப் பற்றி அப்புறம் பேசலாம். எங்கே குறி வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மான் வேட்டைக்காரர் என்பதாலும் இறகு மட்டும் உதிர்ந்தது என்பதாலும் ஊகிக்கிறேன்: உடம்பின் முன்பக்கம், கொஞ்சம் கீழே. மானுக்கு முன்னங்காலை ஒட்டி, கீழ் மூன்றில் ஒரு பங்கில் எய்துதான் உங்கள் கண் பழகியிருக்கிறது. வான்கோழியில் அந்த இடத்தில் இருப்பது வெறும் நெஞ்சுக்கறி. பறவைக்கு நுரையீரல் முதுகை ஒட்டி, விலா எலும்புகளுக்குள் பதிந்திருக்கும். இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஒரு சாத்துக்குடி அளவுதான். அதற்குக் கீழேயும் முன்னாலும் முழுக்கத் தசை. அங்கே அம்பு ஊடுருவிப் போனாலும் பறவை ஓடும், பறக்கவும் செய்யும்.

வாலை விரித்து நிற்கும்போது இன்னும் மோசம். இறகுகளைச் சிலிர்த்து உடம்பை இரண்டு மடங்காகக் காட்டும். நீங்கள் பார்க்கும் அந்த உருண்டையில் பெரும்பகுதி இறகும் காற்றும். சிறகுகளைத் தரையில் உரசியபடி தொங்கவிடுவதால் கால் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. அதனால் புதிதாக எய்பவர் விரித்த நிலையில் பக்கவாட்டில் எய்யாமல் இருப்பது நல்லது. வாயால் வான்கோழிபோல ஒரு சின்ன 'க்ளக்' குரல் கொடுங்கள். பெரும்பாலும் தலையைத் தூக்கும், இறகு அடங்கும், உடம்பு உடம்பாகத் தெரியும். அப்போது கால்களிலிருந்து நேர் மேலே கண்ணைக் கொண்டுபோய், சிறகு உடம்போடு சேரும் இடத்தில் குறி வையுங்கள். சந்தேகம் வந்தால் மேலே, இன்னும் கொஞ்சம் பின்னால். பின்னால் தவறினால் இடுப்பெலும்பும் தொடையும் உடையும், காலை ஊன்றி எழும்பிப் பறக்க முடியாது. கீழே தவறினால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

முதுகைக் காட்டி வாலை விரித்து நின்றால், வால் இறகுகள் ஒன்றுசேரும் அடிப்பகுதியின் நடுவில் எய்யலாம். அம்பு உடம்பின் நீளவாக்கில் போகும். வில்வேட்டையில் எனக்குப் பிடித்த கோணம் அதுதான், தலை விரித்த வாலுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் நாண் இழுப்பதைப் பார்க்காது. எதிரே பார்த்து நின்றால் மார்பில் தொங்கும் தாடிக்குச் சற்று மேலே. அந்தக் கோணத்தில் பறவை உங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் நான் காத்திருக்கச் சொல்வேன்.

அடுத்தது பொம்மை. 20 கெஜம் துப்பாக்கிக்காரர்களின் கணக்கு. பெட்டைப் பொம்மை 20 கெஜத்தில் இருந்தால் சேவல் அதற்கும் அப்பால் நின்று ஆடும். இயற்கையில் சேவல் கூவ, பெட்டைதான் தேடிப் போகும். பெட்டைக் குரல் கொடுத்துச் சேவலை வரவழைப்பது தலைகீழ் வேலை, பாதி வழியில் நின்றுகொண்டு 'நீ வா' என்று அது காத்திருப்பது சகஜம். இதற்கு மருந்து ஜேக் பொம்மை, அதாவது ஒரு வயதுச் சேவல். வளர்ந்த சேவலுக்கு இந்தப் பொடியன் பெட்டையோடு நிற்பதைப் பொறுக்க முடியாது, நேரே சண்டைக்கு வரும்.

ஜேக் பொம்மையைக் கூடாரத்திலிருந்து 6 அல்லது 7 கெஜத்தில், முகம் உங்களைப் பார்க்கும்படி நடுங்கள். பெட்டைப் பொம்மையை அதற்குச் சற்றுப் பக்கத்தில். சேவல் எதிராளியின் முகத்துக்கு முகம் போய் நிற்கும் பழக்கமுள்ளது. பொம்மையைச் சுற்றிவந்து அதன் முன்னால் நின்றால், சேவலின் முதுகு உங்கள் பக்கம் இருக்கும். விரித்த வால் பின்பார்வையை அடைக்கும், முன்னால் பொம்மை கண்ணைக் கட்டும். அந்தச் சில நொடிகள்தான் உங்களுடையவை. இவ்வளவு பக்கத்தில் வைத்தால் பயந்துவிடாதா என்று கேட்பார்கள். மான் புதுக் கூடாரத்தைப் பல நாள் சந்தேகிக்கும், வான்கோழி அப்படியில்லை. இருட்டோடு போட்ட கூடாரத்தின் பக்கம் விடிந்ததும் மேய வரும். அதைக் கலைப்பது அசைவும், காற்றில் படபடக்கும் துணியும்தான். நான்கு மூலையிலும் ஆணி அடியுங்கள், தளர்ந்த நாடாவை உள்ளே செருகுங்கள்.

இந்தக் கிட்டத்து தூரத்தில் ஒரு சிக்கல் உண்டு, பலர் கவனிப்பதில்லை. உங்கள் கண்ணின் பார்வைக்கோடு அம்புக்குச் சில அங்குலம் மேலே போகிறது. 20 கெஜத்தில் இரண்டும் சந்திக்கும்படி சைட் பொருத்தியிருப்பீர்கள். 5 கெஜத்தில் அம்பு இன்னும் அந்தக் கோட்டை எட்டியிருக்காது, 20 கெஜப் புள்ளியை வைத்து எய்தால் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ தாழப் படும். மானில் அது ஒன்றுமில்லை. சாத்துக்குடி அளவு இலக்கில் அது பெரிய விஷயம், அதுவும் தாழ்வாகவே தவறும். வீட்டுக் கொல்லையில் 3, 5, 7 கெஜத்தில் நின்று எய்து பாருங்கள். எந்தப் புள்ளி எங்கே படுகிறது என்று எழுதி வில்லின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அதே காரணத்தால்தான் கூடார ஜன்னலும் அம்பைத் தின்னும். புள்ளி ஜன்னல் வழியே சுத்தமாகத் தெரியும், அம்பு மட்டும் கீழ் ஓரத்துத் துணியில் உரசிப் போகும். கூடாரத்தைக் கொல்லையில் விரித்து, வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து, நாணை முழுதும் இழுத்துப் பிடியுங்கள். வெளியே நிற்கும் ஒருவர் பக்கவாட்டில் இருந்து பார்த்து, அம்பின் நுனி ஜன்னல் ஓரத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று சொல்லட்டும் (இதற்கு முனையில்லாத அம்பு, நாணை விடுவிக்கும் விசையில் விரல் வைக்காமல்). வில்லின் மேல் கை (லிம்ப்) கூரையைத் தொடுகிறதா, கீழ் சக்கரம் ஸ்டூல் காலில் தட்டுகிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். வில்லின் எந்தப் பாகமும் ஜன்னலுக்கு வெளியே நீளக் கூடாது, அந்த அளவுக்குப் பின்தள்ளி உட்காருங்கள்.

உள்ளே இருட்டுதான் உங்கள் மறைப்பு. பின்பக்க ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்க வேண்டும், ஒன்று திறந்திருந்தாலும் உங்கள் உருவம் வெளிச்சத்துக்கு எதிரே நிழலாகத் தெரியும். வான்கோழிக்கு மோப்பம் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கண் அபாரம், நிறமும் நன்றாகத் தெரியும். ஆகவே உள்ளே கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை, முகத்துக்குக் கறுப்புத் துணி. விலை உயர்ந்த இலைதழை அச்சடித்த உடுப்பு கூடாரத்துக்குள் வீண். கிழக்கைப் பார்த்து ஜன்னல் வைத்தால் காலை வெயில் நேரே உங்கள் முகத்தில் விழும், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி போடுங்கள். தரையில் கிடக்கும் சருகை மண் தெரியும் வரை ஒதுக்கிவிடுங்கள். ஒரு சருகு நொறுங்கும் சத்தம் 7 கெஜத்தில் போதும்.

வலை மறைத்த ஜன்னல் வழியாக எய்யலாமா என்றால், நிலையான அலகுள்ள முனையாக இருந்தால் மட்டும். பட்டதும் அலகு விரியும் முனை வலையிலேயே திறந்துகொள்ளும். நான் வலையைக் கழற்றிவிட்டு, ஜன்னலைக் குறுக்கித் திறப்பேன்.

சரி, முனை. இரண்டு அங்குலம் விரியும் முனை வான்கோழிக்கு நல்லதுதான், ஓரளவு பிழையை மன்னிக்கும். ஆனால் நெஞ்சுக்கறியில் இரண்டு அங்குல ஓட்டை போட்டாலும் பறவை உங்களுக்குக் கிடைக்காது. கழுத்தையே வெட்டும் நீள அலகு முனைகளும் கடையில் இருக்கின்றன. பட்டால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும், இல்லையென்றால் சுத்தமாகத் தவறும், காயத்தோடு அலையவிடாது என்பது அதன் நியாயம். அதற்கு நீண்ட அம்பும் அம்பின் பின்முனையில் பெரிய இறகும் வேண்டும், பறவையின் தலையோ ஒரு நொடி நிற்காது. இப்போதைக்கு வேண்டாம்.

அழைப்பைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று. கூடாரத்துக்குள் கை அசைவு மறைந்துவிடுவதால், பழகச் சுலபமான பெட்டி அழைப்பானே போதும். வில்லைக் கையில் எடுத்த பிறகு குரல் கொடுக்க, வாய்க்குள் வைக்கும் சவ்வு அழைப்பானையும் கொஞ்சம் பழகுங்கள். கூவிப் பதில் சொன்ன சேவல் நெருங்கிவிட்டால் வாயை மூடிக்கொள்வதே நல்ல அழைப்பு. அதோடு, காலை எட்டு மணிக்குச் சத்தமில்லை என்று எழுந்து போய்விடாதீர்கள். விடியலில் மரத்தை விட்டு இறங்கும்போது சேவலோடு பெட்டைகள் இருக்கும். அவை முட்டையிடவும் அடைகாக்கவும் கூட்டுக்குப் போன பிறகு, ஒன்பது பத்து மணி வாக்கில் சேவல் தனியாகிவிடும். மே மாதத்தில் வரும் சேவல்களில் பல அந்த நேரத்துச் சேவல்கள், சத்தமே இல்லாமல் வந்து நிற்கும்.

எய்த பிறகு உடனே ஓடாதீர்கள். விழுந்து துடித்தால் போய்ப் பிடிக்கலாம், கால் முள் கையைக் கிழிக்கும், கவனம். எழுந்து போனால் கூடாரத்தை விட்டு வெளியே வராமல், கடைசியாகத் தெரிந்த மரத்தையோ புதரையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரமாவது காத்திருங்கள். துரத்தினால் பறந்துவிடும், விட்டுவிட்டால் பக்கத்திலேயே எங்காவது ஒடுங்கிப் படுக்கப் பார்க்கும். மானுக்குத் தேடுவதுபோல ரத்தச் சுவட்டை நம்பாதீர்கள், இறகு உறிஞ்சிக்கொள்ளும். விழுந்த மரத்தின் அடி, முள்புதர், வேலியோரம் ஆகியவற்றைக் கையால் விலக்கித் தேட வேண்டும்.

கடைசியாகச் சட்டமும் பாதுகாப்பும். வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. வில் அந்தச் சட்டத்தில் துப்பாக்கியே இல்லை, நம்மவர்கள் பலர் வில்லில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பென்சில்வேனியாவில் வசந்த வேட்டை அழைத்து வரவழைப்பதற்கு மட்டும், கூவல் கேட்ட திசையில் பதுங்கிப் போவது சட்டவிரோதம். தாடியுள்ள பறவை மட்டுமே எடுக்கலாம். மின்னணு அழைப்பான் கூடாது. குடியிருப்பைச் சுற்றிய பாதுகாப்பு எல்லை துப்பாக்கிக்கு 150 கெஜம், வில்லுக்கு 50. சீசனின் முதல் பகுதியில் நண்பகலோடு நிறுத்த வேண்டும். தேதிகளையும் நேரத்தையும் ஒவ்வொரு வருடமும் மாநில வேட்டைத் துறையான கேம் கமிஷன் வெளியிடும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். இந்த மூன்று நிறமும் உங்கள் மேல் எங்கேயும் தெரியக் கூடாது, கைக்குட்டை, காலுறை உட்பட. பொது நிலத்தில் கூடாரத்தின் மேலேயோ பக்கத்து மரத்திலோ ஆரஞ்சுப் பட்டை கட்டுங்கள். அது வான்கோழியை விரட்டுமே என்று தயங்காதீர்கள், அசையாத ஆரஞ்சுக்கு அவ்வளவாக அஞ்சாது. பொம்மைகளைப் பைக்குள் போட்டே கொண்டுபோங்கள். வேறு வேட்டைக்காரர் வருவது தெரிந்தால் கையை ஆட்டாமல், வான்கோழிக் குரலும் கொடுக்காமல், உரத்த மனிதக் குரலில் கூப்பிடுங்கள்.

பறவை கிடைத்தால் அந்த இடத்தை விட்டு நகர்த்தும் முன்பே லைசென்ஸோடு வரும் டேக்கை (அடையாளச் சீட்டு) நிரப்பிக் கட்டுங்கள். பிறகு ஆரஞ்சுத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாருங்கள். கேம் கமிஷனுக்குத் தகவல் சொல்ல 10 நாள் அவகாசம் உண்டு.