கரன்ட் கொடுத்தால் தம்பியின் கால் சைக்கிள் மிதிக்குமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் எண்ணூர் பக்கம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். முதுகில் டி8 எலும்பு உடைந்து, தொப்புளுக்கு மேலிருந்தே உணர்ச்சி இல்லை. கால்கள் அடிக்கடி தானாக வெட்டி இழுக்கின்றன. கரன்ட் வைத்து சைக்கிள் மிதிக்க வைக்கும் மெஷினை மொபைலில் பார்த்தோம். பல லட்சம் விலை. ஆறு மாதத்தில் நரம்பு திரும்பி நடந்துவிடுவான் என்கிறார் விற்பவர். நகையை விற்று வாங்கலாமா?
– ஓர் அக்கா, கொருக்குப்பேட்டை

பதில்: நகையை விற்காதீர்கள். அந்த மெஷின் உண்மையிலேயே நல்ல மெஷின்தான். விற்பவர் கொடுத்த வாக்குதான் தவறு. ஒன்றரை வருடமாக அசைவும் உணர்ச்சியும் திரும்பாத கால், இந்த சைக்கிளை மிதிப்பதால் நடக்கத் தொடங்கிவிடாது.

2016-இல் சுவிட்சர்லாந்தில் சைபத்லான் என்ற போட்டி நடந்தது. தண்டுவடம் அடிபட்டவர்கள் இதே முறையில் கரன்ட் வைத்துக்கொண்டு 750 மீட்டர் சைக்கிள் ஓட்டினார்கள். பந்தயம் முடிந்ததும் அவர்கள் திரும்பிப் போனது சக்கர நாற்காலிக்குத்தான். அப்படியானால் எதற்காக மிதிக்க வேண்டும்?

தொடையின் முன்பக்கம், பின்பக்கம், பிட்டம் மூன்றிலும் உள்ளங்கை அளவு பட்டைகளை ஒட்டுவார்கள். மிதி சுற்றும் நிலைக்கு ஏற்ப, எந்தத் தசை எப்போது இழுக்க வேண்டுமோ அப்போது அதற்குப் போகும் நரம்பை மெஷின் தூண்டும். மோட்டார் காலைச் சும்மா சுற்றிவிடுவது வேறு. இங்கே தசையே வேலை செய்கிறது. அதனால் சூம்பிய தொடை கொஞ்சம் பருக்கும், ரத்த ஓட்டம் கூடும், இதயத்துக்கும் பயிற்சி கிடைக்கும். பிட்டத்தில் சதை கூடுவது உட்கார்ந்தே இருப்பவருக்கு நல்லது. முழங்காலையொட்டிய எலும்புகூட வலுப்படலாம். ஆனால் அதற்கு வாரத்தில் மூன்று நான்கு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் வீதம், ஒரு வருடமாவது மிதிக்க வேண்டும். விட்டுவிட்டால் சேர்ந்தது மெல்லக் கரைந்துவிடும்.

கால் வெட்டி இழுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் அது பெரிய தொல்லை, தெரியும். ஆனால் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியும் அங்கிருந்து தசைக்கு வரும் நரம்பும் உயிரோடு இருப்பதற்கு அது ஓர் அடையாளம். இந்த மெஷினுக்கு அந்த நரம்புதான் தேவை. இடுப்புப் பகுதியில் அடிபட்டு, கால் துணிபோலத் துவண்டு கிடப்பவர்களுக்குப் பெரும்பாலும் இது பலன் தராது. சாதாரண பிசியோதெரபி தூண்டல் மெஷினை வைத்தே இதைச் சோதித்துவிடலாம். தம்பியை நாற்காலியில் உட்காரவைத்து, முன்தொடையில் பட்டை ஒட்டி, கரன்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். முழங்கால் நீண்டு பாதம் மேலே எழுந்தால் சைக்கிளைப் பற்றி யோசிக்கலாம். வலிக்காக விற்கும் சின்ன டென்ஸ் மெஷின் இதற்கு உதவாது.

அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. இத்தனை காலம் எடை தாங்காத எலும்பு மெலிந்திருக்கும். தசை இழுக்கும் வேகத்தில் முறிந்துவிடக் கூடாது என்பதால் எலும்பு அடர்த்தியை டாக்டர் பார்க்கச் சொல்வார். படுக்கைப்புண் இருந்தால் முதலில் அது ஆற வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் மிதிக்கவே கூடாது. ரத்தக்கட்டோ எலும்பு முறிவோ இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முதுகெலும்புகளை மேலிருந்து கீழாக எண்ணுவார்கள். டி6-இலோ அதற்கு மேலே கழுத்துப் பக்கமோ அடிபட்டவர்களுக்கு மிதிக்கும்போது ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறலாம். தம்பிக்கு அதற்குக் கீழே டி8 என்பதால் அந்தப் பயம் குறைவு. ஆனாலும் முதல் சில நாள் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே செய்வதுதான் சரி.

அப்புறம் தோல். தம்பிக்குச் சுட்டாலும் தெரியாது. நம் ஊர் வியர்வையில் பட்டையின் ஓரம் கிளம்பிவிடும், ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில் மொத்தக் கரன்டும் பாயும். துடைத்து உலர்த்திவிட்டு ஒட்டுங்கள், பசை போன பட்டையைத் தூக்கிப் போடுங்கள், கழற்றியதும் அந்த இடத்தைப் பாருங்கள். லேசான சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். மறையாவிட்டால் அடுத்த நாள் வேண்டாம். ஆரம்பத்தில் ஐந்து நிமிடத்திலேயே கால் ஓய்ந்துவிடும். கரன்டில் இயங்கும் தசை சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் அப்படி. அதைப் பார்த்து மனம் விட வேண்டாம்.

முதலில் கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனையில் காட்டுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்கும் போகலாம். அதற்குப் பெயராக இருக்கும் டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தவர். மெஷினை வாங்குவதானாலும் ஏதாவது ஒரு மையத்தில் சில மாதம் மிதித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை கையில் இருக்கும் பணம் நல்ல குஷனுக்கும், சரியான அளவு சக்கர நாற்காலிக்கும், சிறுநீர்க் குழாய்களுக்கும் போகட்டும். இவை இல்லாமல் சைக்கிள் மட்டும் இருந்து பயனில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் தம்பி என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. வாரத்தில் நான்கு நாள் அவர்தான் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். அவருக்கு இதில் மனம் இருக்கிறதா, வேலைக்குப் போவதுதான் முதலில் வேண்டுமா என்று கேளுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது டாக்டரிடம் அவரே பேசட்டும்.