மூங்கில் துணி உண்மையிலேயே இயற்கையானதா?

கடையில் ‘மூங்கில் துணி, சூழலுக்கு நல்லது’ என்று போட்டிருந்தால் நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியே நம்ப வேண்டாம். மூங்கில் வேகமாக வளரும், அது நிஜம். ஆனால் அந்த மெத்தென்ற துணி பெரும்பாலும் விஸ்கோஸ்தான்: மூங்கில் கூழை காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து இழையாக்குகிறார்கள், அந்த இரண்டாவது ரசாயனம் ஆலைத் தொழிலாளர்களின் நரம்பையே பாதிக்கக்கூடியது. அமெரிக்காவில் இதை ரேயான் (விஸ்கோஸும் இந்த வகைதான்) என்றுதான் லேபிளில் போட வேண்டும். லையோசெல் (இதுவும் மரக்கூழ், மூங்கில் கூழ் போன்றவற்றிலிருந்து வரும் இழைதான், செய்முறை வேறு) என்று இருந்தால் தைரியமாக வாங்கலாம், அதில் கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

துணியில் பாலியஸ்டர் இருக்குமோ என்று சந்தேகமா? ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியோ ரேயானோ என்றால் காகிதம் எரிந்த வாசனையும் மெல்லிய சாம்பலும் வரும். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர்.

அப்புறம் சாயம். இதை யாரும் கேட்பதே இல்லை! நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவால்தான் 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஸ்டைல் வேண்டுமென்றால் என் தேர்வு காரைக்குடி கண்டாங்கிச் சேலை. கைத்தறிப் பருத்தி, அரக்குச் சிவப்பில் பெரிய கட்டம், நல்ல கனமான நூல். துவைக்கத் துவைக்க இன்னும் மிருதுவாகும்.