1998-ல் வந்த 'கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்' கேமை ரசிகர்கள் ஏன் இன்னும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள்? இப்போது புதிதாக ஆரம்பிக்கலாமா?

தாராளமாக ஆரம்பிக்கலாம். வாரத்தில் இரண்டு இரவாவது இதை ஓட்டாமல் எனக்குத் தூக்கம் வராது.

பாபிரஸ் நிறுவனம் செய்த இந்த கேமில் வருவது 1967-ம் ஆண்டின் ஃபார்முலா ஒன் பந்தயங்கள். கார்களுக்கு இறக்கை கிடையாது, டயர் ஒல்லி. ஆனால் அவற்றில் ஒன்றான லோட்டஸ் 49 காரின் 3 லிட்டர் எஞ்சினில் ஏறத்தாழ 400 குதிரைத்திறன். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்பக்கம் வீசிக்கொண்டு போய் கார் திரும்பி நிற்கும். முதல் வாரம் என்னால் ஒரு சுற்றுகூட முழுதாக முடிக்க முடியவில்லை. பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட்டு, உள்ளே நுழைந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிலேட்டரை அழுத்தி, நாலு சக்கரமும் சறுக்கச் சறுக்கத் திருப்ப வேண்டும். அது கைவந்த இரவை நான் மறக்கவே மாட்டேன்.

அந்த உணர்வு எங்கிருந்து வருகிறது என்றால், பாபிரஸின் டேவிட் கேமர் குழு எழுதிய இயற்பியல் கணக்கிலிருந்து. நொடிக்கு 288 முறை அது காரின் நிலையைக் கணக்கிடுகிறது. அது கிழடு தட்டவில்லை, சுற்றியிருந்தவைதான் கிழடு தட்டின. திரையில் படம் நொடிக்கு 36 பிரேம் மட்டுமே வந்தது. நல்ல கிராஃபிக்ஸ் வேண்டுமென்றால் வூடூ போன்ற அந்தக் காலத்து கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியிருந்தது. பிற்காலத்து கார்டுகளிலும் ஓடும்படி, படம் வரையும் பகுதியை டைரக்ட்3டி, ஓபன்ஜிஎல் என்ற பொதுவான கிராஃபிக்ஸ் முறைகள் இரண்டுக்கும் ரசிகர்கள் புதிதாக எழுதிக் கொடுத்தார்கள். பிறகு 60 பிரேமுக்கும் பேட்ச் வந்தது.

என்னை அசரவைத்தது 1965 மாட், அதாவது கேமையே 1965-ம் ஆண்டுக்கு மாற்றும் ரசிகர்களின் சேர்க்கை. கேமின் மூல நிரல் (சோர்ஸ் கோட்) அவர்கள் கையில் இல்லை. கேமின் நிரல் கோப்பையே துருவி, எந்த எண் எதை ஆட்டிவைக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த வருடத்து 1.5 லிட்டர் கார்களை உள்ளே கொண்டுவந்தார்கள். திறன் பாதிதான் என்பதால் ஒரு வளைவில் வேகத்தை விட்டால் அடுத்த நேர்ச்சாலை முழுக்க அதற்கு விலை கொடுக்க வேண்டும். ஓட்டும் முறையே வேறு. எனக்கு 67-ஐவிட இதுதான் பிடிக்கும்.

உரிமம் கிடைக்காமல் கேமில் 'முரசாமா' என்று பெயர் மாறிய ஹோண்டாவுக்கும் அதன் சொந்தப் பெயரையும் வண்ணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். 1967-ல் மொன்ஸாவில் ஜான் சர்ட்டீஸ் ஜெயித்த கார் அல்லவா அது!

கேமோடு வந்தவை 11 டிராக். சாலிட்யூட், ரீம்ஸ், பிராண்ட்ஸ் ஹாட்ச் என்று ரசிகர்கள் சேர்த்தவற்றுக்குக் கணக்கில்லை. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போவது பெல்ஜியத்தின் பழைய ஸ்பா டிராக்குக்குத்தான். 14 கிலோமீட்டர், சாதாரண ஊர்ச்சாலைகள். மஸ்தா என்ற வளைவில் வீடுகளுக்கு நடுவே முழு வேகத்தில் புகுந்து வெளியே வர வேண்டும். நிஜத்தில் அந்த டிராக்கை 1979-ல் பாதியாகச் சுருக்கிவிட்டார்கள். இங்கே அது முழுசாக இருக்கிறது.

கீபோர்டில் முயற்சி செய்யாதீர்கள், பழைய ஸ்டீயரிங் செட் ஒன்று போதும். 65 மாட்டை எடுத்துக்கொண்டு வாட்கின்ஸ் கிளென் போங்கள், அது சின்ன டிராக். சுழலாமல் பத்து சுற்று வரும்வரை நேரத்தைப் பார்க்க வேண்டாம். ஸ்பா அதற்கப்புறம்.